வெயில் படாத இடத்தில் கறுப்பு: அட்ரீனல் கோளாறை எப்படி அடையாளம் காண்பது?

கேள்வி: 17 ஏப்ரல் 2024, தொண்டிப் பக்கமிருந்து ஒரு வாசகி

என் வீட்டுக்காரருக்கு 36 வயசு. விசைப்படகில் போகிறார். அஞ்சு மாசமா ஒரே அசதி. 64 கிலோ இருந்தவர் இப்ப 55. ரொம்பக் கறுத்துட்டார், எல்லாரும் கடல் வெயில்தானேங்கிறாங்க. காலையில் பல் தேய்க்கும்போதே குமட்டுது. யூடியூபில் ஒருத்தர் இது 'அட்ரீனல் களைப்பு', எச்சில் டெஸ்ட் எடுத்துட்டு பவுடர் சாப்பிட்டா சரியாகிடும்னு சொல்றார். ஒரு டப்பா 2,400 ரூபாய். வாங்கலாமா? நிஜமாவே அப்படி ஒரு நோய் இருக்கா?

18 ஏப்ரல் 2024, காலை

பவுடர் வாங்காதீங்க தங்கச்சி. 'அட்ரீனல் களைப்பு' என்று மருத்துவத்தில் ஒரு நோயே கிடையாது. ஓடி ஓடி வேலை பார்த்துச் சுரப்பி களைத்துப்போகும் என்பது விற்கிறவர்கள் கட்டிய கதை. அந்த மாதிரி டப்பாக்கள் சிலவற்றில் லேபிளில் சொல்லாமலே ஹார்மோன் கலந்திருந்ததைப் பரிசோதித்துக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அதைச் சாப்பிட்டால் உள்ளே இருக்கிற நிஜ நோய் மறைந்து நிற்கும்.

ஆனால் நிஜ நோய் ஒன்று உண்டு. இரண்டு சிறுநீரகத்தின் தலையிலும் தொப்பி கவிழ்த்த மாதிரி ஆளுக்கொன்று உட்கார்ந்திருக்கிறது அட்ரீனல் சுரப்பி. ஒவ்வொன்றும் நாலைந்து கிராம்தான். அது கெட்டால் கார்ட்டிசால், ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன்கள் வராது. ரத்த அழுத்தம் நிற்காது, உடம்பில் உப்புத் தங்காது, சாப்பாடு இறங்காது. அடிசன் நோய் என்று பெயர். நீங்கள் எழுதிய நாலு வரியைப் படித்ததும் எனக்கு எங்கள் அக்காதான் ஞாபகம் வந்தது. ராத்திரி விவரமாக எழுதுகிறேன், மருந்துக்கடை திறக்க வேண்டும்.

இன்றைக்கே ஒன்று செய்யுங்கள். அவரை ஐந்து நிமிடம் படுக்க வைத்துப் பிரஷர் பாருங்கள். எழுந்து நிற்கச் சொல்லி, ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் திரும்பப் பாருங்கள். மேல் எண் 20க்கு மேல் இறங்கினால் எழுதி வையுங்கள்.

18 ஏப்ரல், இரவு

அக்கா பாம்பன் பக்கம் பாசி எடுக்கப் போகிறவள். தீவோரத்தில் மூச்சை அடக்கி முங்கி, பாறையில் ஒட்டிய மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்து எடுக்க வேண்டும். விரலில் துணி சுற்றிக்கொண்டுதான் போவார்கள், அப்படியும் பாறை கீறும். 2015 ஐப்பசி வாக்கில் அவளால் முங்க முடியாமல் போயிற்று. ஒரு முங்குக்கு வந்து வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கூட வந்தவர்கள் "வயசாயிருச்சு" என்றார்கள். அப்போது அவளுக்கு 38.

சோறு வேண்டாம் என்பாள். நெத்திலிக் கருவாட்டைச் சுடாமல் அப்படியே மென்றுகொண்டிருப்பாள். நீராகாரத்தில் உப்பை அள்ளிப் போட்டுக் குடிப்பாள். வாந்தியும் இருந்ததால் பக்கத்து வீட்டுப் பெரியம்மா "மசக்கையா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். உப்பும் கருவாடும் யாருக்குத்தான் பிடிக்காது நம் ஊரில்? நாங்கள் யாரும் அதை நோய்க்கணக்கில் சேர்க்கவே இல்லை. ஏர்வாடிக்கும் போய்வந்தோம். அம்மா ஒரு வெள்ளிக்கிழமைகூட விடவில்லை.

இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். பிரஷர் 80/50, சோடியம் 118. உப்புத் தண்ணீர் பாட்டில் ஏற்றினால் மறுநாளே எழுந்து உட்கார்ந்து டீ கேட்பாள். "வாந்தியில் உப்பு இறங்கிருச்சு" என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பாட்டில் ஏற்றினால் தேறுவதே இந்த நோயின் தந்திரம். உப்பு ஏன் நிற்கவில்லை என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அப்போதே மருந்துக்கடையில் பதினோரு வருடம் நின்றிருந்தேன்.

மூன்றாவது தடவை, 2016 ஆகஸ்டில், பயிற்சிக்கு வந்த ஒரு சின்னப் பெண் டாக்டர் அக்காவின் கையை விரித்துப் பார்த்தார். உள்ளங்கை ரேகைகள் பென்சிலால் கோடு போட்ட மாதிரி கறுப்பாக இருந்தன. உள்ளங்கை என்றைக்கு வெயிலில் காய்ந்தது? அப்புறம் விரல்களைப் பார்த்தார். பாறை கீறிய பழைய தழும்புகள் வெளிறி இருந்தன. கடைசி ஒரு வருடத்தில் விழுந்த தழும்புகள் மட்டும் கறுப்பு. "இது எப்ப, அது எப்ப" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அக்காவுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. இது தைப்பூசத்துக்கு மறுநாள், அது சின்னவன் பள்ளிக்கூடம் சேர்ந்த வருசம் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். நோய் தொடங்கிய மாதத்தை அந்தப் பெண் விரலிலேயே படித்துவிட்டார்.

19 ஏப்ரல்

இன்றைக்கு ஓட்டுப் போட அக்காவோடு போனேன். வரிசையில் நிற்கும்போது 2016 மே மாதம் நினைவுக்கு வந்தது. அப்போது பூத்தில் உட்கார்ந்திருந்தவர் அடையாள அட்டையையும் அக்கா முகத்தையும் மூன்று தடவை மாற்றி மாற்றிப் பார்த்தார். "வெயிலுங்க" என்றோம், விட்டுவிட்டார். நோயை முதலில் பார்த்த ஆள் அவர்தான், அவருக்குத் தெரியாமலே.

சரி, ஏன் கறுக்கிறது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். மூளைக்கு அடியில் இருக்கிற பிட்யூட்டரி சுரப்பிதான் அட்ரீனலுக்கு மேஸ்திரி. கார்ட்டிசால் வரவில்லையென்றால் ஏசிடிஎச் என்ற ஹார்மோனை அது மேலும் மேலும் அனுப்பும். அந்த ஏசிடிஎச்சும் தோலைக் கறுக்க வைக்கிற ஹார்மோனும் ஒரே மூலப் புரதத்திலிருந்து வெட்டி எடுக்கப்படுபவை. ஏசிடிஎச் குவியக் குவிய நிறமும் ஏறும். அதனால் வெயில் படுகிற இடம் மட்டுமல்ல, உள்ளங்கை ரேகை, முட்டி, விரல் கணு, கன்னத்தின் உட்புறம், ஈறு, இடுப்பில் பாவாடை நாடா இறுக்குகிற இடம், புதுத் தழும்பு எல்லாம் கறுக்கும். தங்கச்சி, அவர் சட்டையைக் கழற்றச் சொல்லி, கைலி கட்டுகிற இடத்தைப் பாருங்கள். ஈறு கறுத்திருந்தால் நோய் உறுதி.

21 ஏப்ரல்

மேலே கடைசி வரியைத் தப்பாக எழுதிவிட்டேன். கீழக்கரையில் பல் மருத்துவம் பார்க்கிற ஒருவர் திருத்தினார், அவர் சொன்னது சரி. நம் ஆட்களில் நிறையப் பேருக்குப் பிறவியிலேயே ஈறு கறுப்பாகத்தான் இருக்கும். நேற்று கண்ணாடியில் பார்த்தேன், எனக்கே இருக்கிறது. அது நோய் இல்லை. முன்பு இல்லாமல் புதிதாக வந்ததா என்பதுதான் கேள்வி. பழைய கல்யாண ஆல்பத்தை எடுத்து வைத்துப் பாருங்கள். கூடப்பிறந்தவர்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உள்ளங்கை ரேகையும் அப்படித்தான், மாநிறத்துக்கு மேல் இருக்கிறவர்களுக்கு இயல்பாகவே கொஞ்சம் கறுத்திருக்கும். புதுத் தழும்பையும் பழைய தழும்பையும் ஒப்பிடுவதுதான் நம் கடலோரத்துக்கு நல்ல வழி என்று இப்போது தோன்றுகிறது. வலையும் தூண்டிலும் கத்தியும் பிடிக்கிற கையில் தழும்புக்கா பஞ்சம்?

24 ஏப்ரல்

தங்கச்சி எழுதியிருந்தார்: படுத்திருக்கும்போது 104, நின்றதும் 78. கண் இருட்டி உட்கார்ந்துவிட்டாராம். இதை வைத்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது, நாளைக்கே டாக்டரிடம் போங்கள்.

முதலில் சோடியம், பொட்டாசியம், சர்க்கரை. சோடியம் தாழ்ந்து பொட்டாசியம் ஏறியிருந்தால் சந்தேகம் வலுக்கும். அதோடு காலை எட்டு மணிக்கு ரத்தத்தில் கார்ட்டிசால். ஏன் எட்டு மணி? கார்ட்டிசால் விடியலில்தான் உச்சத்தில் இருக்கும், நடுராத்திரியில் அடிமட்டத்துக்குப் போய்விடும். சாயங்காலம் எடுத்துவிட்டுக் குறைவு என்று பயப்படுவதில் அர்த்தமில்லை. 5க்குக் கீழே இருந்தால் நோய்.

ஆனால் நம் ஊரில் ஒரு சிக்கல். இரவெல்லாம் வலை இழுத்துவிட்டு விடிந்ததும் தூங்குகிறவருக்கு உடம்புக் கடிகாரமே திரும்பிக் கிடக்கும். அவர் எட்டு மணி நம் எட்டு மணி இல்லை. நல்லவேளை, ஏப்ரல் 15 தொடங்கி 61 நாள் தடைக்காலம். படகு கரையில் நிற்கிறது, ஆளும் இரவில் தூங்குகிறார். டெஸ்ட் எடுக்க இதைவிட நல்ல நேரம் கிடையாது. டாக்டரிடம் படகு வேலையைப் பற்றிக் கட்டாயம் சொல்லுங்கள், அவர்களாகக் கேட்க மாட்டார்கள்.

25 ஏப்ரல்

5க்குக் கீழே என்று நேற்று எழுதியதை இன்னும் துல்லியமாகச் சொல்ல வேண்டும். டெசிலிட்டருக்கு 3 மைக்ரோகிராமுக்குக் கீழே என்றால் ஏறக்குறைய உறுதி. 15க்கு மேல், சில லேபில் 18க்கு மேல் என்றால் பெரும்பாலும் இல்லை. நடுவில் வந்தால் ஏசிடிஎச் ஊசி போட்டு, அரை மணி, ஒரு மணி கழித்து மறுபடி ரத்தம் எடுப்பார்கள். சுரப்பியைத் தட்டி எழுப்பிப் பார்க்கிற சோதனை அது. அக்காவுக்கு 1.8, ஊசி போட்டும் நகரவே இல்லை.

2 மே

யாருமே எங்களுக்குச் சொல்லாத விஷயம் ஒன்று. அக்கா மயங்கி விழும்போதெல்லாம் ஓடிப்போய் இளநீர் வாங்கி வந்து கொடுத்தோம். தெம்பு வரும் என்றுதான். இளநீரில் பொட்டாசியம் அதிகம், சோடியம் மிகக் குறைவு. அவள் உடம்பில் ஏற்கெனவே பொட்டாசியம் 6.2க்கு ஏறி நின்றது. அது இன்னும் ஏறினால் இதயம் தாளம் தப்பும். பாசத்தோடு கொடுத்ததை இப்போது நினைத்தாலும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. அவள் கேட்ட உப்புக் கஞ்சிதான் சரியான மருந்தாக இருந்திருக்கிறது. உடம்பு கேட்டதை அவள் சொன்னாள், நாங்கள்தான் "உப்பைக் குறை" என்றோம்.

5 மே

தேவிபட்டினத்திலிருந்து ஒருவர்: "என் அண்ணிக்கும் இதே அசதி, ஆனால் கறுக்கவில்லை, வெளுத்திருக்கிறார், அப்போது இது இல்லைதானே?"

அப்படி முடிவு கட்டாதீர்கள். கறுப்பைப் பற்றியே எழுதி நான்தான் உங்களைத் திசைதிருப்பிவிட்டேன். கெட்டது அட்ரீனல் என்றால்தான் கறுக்கும். மேஸ்திரியான பிட்யூட்டரியே கெட்டுவிட்டால் ஏசிடிஎச் வராது, நிறமும் ஏறாது, ஆள் வெளிறித்தான் போவார். அண்ணியிடம் ஒன்று கேளுங்கள்: பிரசவத்தில் அதிகமாக ரத்தம் போயிற்றா, குழந்தைக்குப் பால் சுரந்ததா, அதற்குப் பிறகு தூரம் ஒழுங்காக வந்ததா? அதிக ரத்தம் போகும்போது பிட்யூட்டரிக்கு ரத்தம் கிடைக்காமல் அது செத்துப்போவது உண்டு. 1937இல் ஷீஹன் என்ற மருத்துவர் எழுதியது, அவர் பெயரிலேயே வழங்குகிறது. பால் வராததை மாமியார்கள் குறையாகச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். பத்து, பதினைந்து வருடம் கழித்து, ஒரு காய்ச்சலில் ஆள் சுருண்டு விழும்போதுதான் தெரியவரும்.

அவருக்குத் தைராய்டும் குறைந்திருக்கலாம். அப்படி இருந்தால் கார்ட்டிசால் பார்க்காமல் தைராய்டு மாத்திரையை முதலில் தொடங்கக் கூடாது. இருக்கிற கொஞ்சம் கார்ட்டிசாலும் வேகமாகச் செலவாகி ஆபத்தில் கொண்டுபோய்விடும்.

12 மே

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தேன்.

அட்ரீனலைக் கெடுக்கிற காரணங்களில் நம் கரையில் நான் அதிகம் கண்ணால் பார்த்தது காசநோயோ ரத்தப்போக்கோ இல்லை. மாத்திரை. மூட்டுவலிக்கு, இளைப்புக்கு, அரிப்புக்கு என்று காகிதத்தில் மடித்துக் கொடுக்கிற கலவை மாத்திரைகள். அதில் ஒன்று டெக்ஸாமெத்தசோனாகவோ பிரெட்னிசலோனாகவோ இருக்கும், கார்ட்டிசால் மாதிரியே வேலை செய்கிற ஸ்டீராய்டு மருந்துகள். பத்தொன்பது வருடமாகக் கவுண்டரில் நிற்கிறேன். முதல் ஐந்தாறு வருடம் நானும் மடித்துக் கொடுத்திருக்கிறேன். முதலாளி கொடு என்றார், கொடுத்தேன். வாங்கிப் போனவர்கள் மறுவாரம் வந்து என்னை வாழ்த்தினார்கள்.

வாழ்த்தாமல் என்ன செய்வார்கள்? 1948இல் மூட்டுவாதத்தில் முடங்கிக் கிடந்த ஒரு பெண்ணுக்கு அமெரிக்காவில் முதன்முதலாகக் கார்ட்டிசோன் ஊசி போட்டார்கள். சில நாளில் எழுந்து நடந்துவிட்டார். அட்ரீனல் ஹார்மோன்களை ஆராய்ந்த கெண்டல், ஹென்ச், ரைக்ஸ்டைன் மூவருக்கும் 1950இல் நோபல் பரிசு கிடைத்தது. அவ்வளவு பெரிய மருந்து. அதைக் கணக்கில்லாமல் மாதக்கணக்கில் சாப்பிட்டால் அட்ரீனல், வெளியிலிருந்து வந்துகொண்டே இருக்கிறதே என்று தூங்கிப்போகும்.

ஒரு அம்மா வருவார்கள், கருவாட்டுக் கொட்டகையில் வேலை. மூட்டுவலிக்கு இரண்டு வருடம் அந்த மாத்திரை. முகம் நிலா மாதிரி உருண்டது, "உடம்பு தேறிட்டீங்க" என்று எல்லோரும் சொன்னார்கள். வயிறு முன்னே வந்தது, கைகால் மட்டும் குச்சி. கூடை லேசாக உரசினாலும் கையில் ஊதாக் கன்றல். வயிற்றில் விரல் அகலத்துக்குச் செவ்வூதா வரிகள். பிள்ளை பெற்ற வரி வெளுத்து மெல்லியதாக இருக்கும், இது வேறு. அரிவாள்மனையில் உட்கார்ந்தால் கையை ஊன்றாமல் எழ முடியவில்லை. சர்க்கரையும் பிரஷரும் புதிதாக வந்து சேர்ந்தன. இதுதான் குஷிங் என்கிற கோளாறு. அட்ரீனலிலோ பிட்யூட்டரியிலோ கட்டி இருந்தாலும் இதே உருவம் வரும். அங்கே கார்ட்டிசால் தானாகவே அதிகமாகச் சுரக்கிறது, இங்கே நாங்கள் விற்றோம்.

யாரோ "அது கெட்ட மாத்திரை" என்று சொன்னதைக் கேட்டு அந்த அம்மா ஒரே நாளில் நிறுத்திவிட்டார்கள். எட்டாம் நாள் வாந்தி, மயக்கம். இராமநாதபுரம் போய்ச் சேருவதற்குள் மூச்சுத்தான் மிச்சமிருந்தது. பிழைத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து நான் சீட்டு இல்லாமல் ஸ்டீராய்டு கொடுப்பதில்லை. கடையும் மாறிவிட்டேன்.

13 மே

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு மூன்று பேர் "இன்றோடு நிறுத்திவிட்டேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து நிறுத்தாதீர்கள்! அதைத்தான் கூடாது என்று எழுதினேன். மாத்திரையை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போய், இத்தனை நாளாகச் சாப்பிடுகிறேன் என்று சொல்லுங்கள். வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், படிப்படியாகக் குறைப்பார்கள். தூங்குகிற சுரப்பி எழுந்திருக்க அவ்வளவு நாள் ஆகும்.

20 மே

மற்ற அட்ரீனல் கோளாறுகளும் கேட்டிருந்தீர்கள். எனக்குச் சொந்த அனுபவம் இல்லாததால் சுருக்கமாக. சின்ன வயதிலேயே பிரஷர், மூன்று மாத்திரை போட்டும் இறங்கவில்லை, பொட்டாசியம் குறைவு, தசை தளர்கிறது என்றால் ஆல்டோஸ்டிரோன் அதிகமா என்று பார்க்க வேண்டும். 1955இல் கான் என்பவர் விவரித்த நோய். திடீர் திடீரென்று மண்டையைப் பிளக்கிற தலைவலி, சட்டை நனைகிற வியர்வை, படபடப்பு மூன்றும் சேர்ந்து வந்து சற்று நேரத்தில் போய்விட்டால், அட்ரீனலின் என்ற ஹார்மோனைச் சுரக்கிற கட்டியாக இருக்கலாம். அந்த ஹார்மோன் உடைந்து வருகிற மெட்டாநெஃப்ரின் என்ற பொருளைச் சிறுநீரில் பார்ப்பார்கள். பயம், பேய் என்று கயிறு கட்டுகிறவர்கள் அந்த நேரத்தில் பிரஷரையும் ஒரு தடவை பாருங்கள்.

பிறந்து ஒன்றிலிருந்து மூன்று வாரத்துக்குள் பால் குடிக்காமல், வாந்தியெடுத்து, எடை இறங்கி, துவண்டுபோகிற குழந்தையை உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். பிறவி அட்ரீனல் குறையாக இருக்கலாம். அத்தை மகன், மாமன் மகள் என்று சொந்தத்தில் கட்டுகிற குடும்பங்களில் கூடுதல் கவனம் வேண்டும். முதல் குழந்தை காரணம் தெரியாமல் இப்படிப் போயிருந்தால் அடுத்த பிரசவத்துக்கு முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள்.

28 மே

தங்கச்சியின் வீட்டுக்காரருக்கு முடிவு வந்துவிட்டது. கார்ட்டிசால் 2.1, ஏசிடிஎச் பல மடங்கு. ஸ்கேனில் இரண்டு அட்ரீனலும் வீங்கியிருக்கின்றன. ஊசியால் எடுத்துப் பார்த்ததில் காசநோய். அக்காவுக்கும் அதேதான், இருபது வயதில் நெஞ்சில் வந்து போன காசநோய் ஓசையில்லாமல் அங்கே போய் உட்கார்ந்திருந்தது. 1855இல் லண்டன் கைஸ் ஆஸ்பத்திரியில் தாமஸ் அடிசன் இந்த நோயைப் பற்றி நூலாக எழுதியபோதே அவர் பார்த்தவர்களில் பலருக்குக் காசநோய் இருந்தது. நம் நாட்டில் அது இன்னும் பழைய கதை ஆகவில்லை.

தங்கச்சி, ஒன்றை மட்டும் மறக்காமல் கேளுங்கள். காசநோய் மருந்தில் உள்ள ரிஃபாம்பிசின், உடம்பிலிருக்கிற கார்ட்டிசாலையும் சாப்பிடுகிற மாத்திரையையும் வேகமாகக் கரைத்துவிடும். ஸ்டீராய்டு மாத்திரையை முதலில் தொடங்கியாகிவிட்டதா, அளவைக் கூட்ட வேண்டுமா என்று கேளுங்கள். அக்காவுக்குக் காசநோய் மருந்து முடிகிற வரை கூட்டித்தான் கொடுத்தார்கள்.

அவர் அழுததாக எழுதியிருந்தீர்கள், வாழ்நாள் முழுக்க மாத்திரையா என்று. ஆமாம், பெரும்பாலும் வாழ்நாள் முழுக்கத்தான். ஆனால் அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கும் இதே நோய்தான், 1947இல் கண்டுபிடித்தார்கள், அப்புறம்தான் ஜனாதிபதியானார். அக்கா மாத்திரை தொடங்கிய நாலாம் நாள் ஒரு தட்டுச் சோறு சாப்பிட்டாள். எட்டு மாதத்தில் ரேகை வெளுத்தது. தழும்புகள்தான் முழுசாகப் போகவில்லை.

16 ஜூன்

தடை முடிந்து நேற்று படகெல்லாம் போயாகிவிட்டது. தங்கச்சியின் வீட்டுக்காரர் போகவில்லை, 59 கிலோ ஆகிவிட்டார். காசநோய் மருந்து ஓடுகிறது, டாக்டர் இப்போதைக்குக் கடல் வேண்டாம் என்றிருக்கிறார். பிற்பாடு போகும்போது என்னவெல்லாம் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.

அக்காவிடமே கேட்டேன். அவள் சொன்னபடி எழுதுகிறேன். மாத்திரை இரண்டு பங்கு, ஒன்று சட்டைப்பையில், இன்னொன்று தண்ணீர் புகாத டப்பாவில் படகில். ஒன்று நனைந்தால் இன்னொன்று. காய்ச்சல் கண்டால் டாக்டர் சொல்லித் தந்தபடி அன்றைக்கே இரட்டிப்பாக்க வேண்டும், கரைக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது. இரண்டு தடவை வாந்தியெடுத்தால் மாத்திரை தங்காது, ஊசிதான், ஹைட்ரோகார்ட்டிசோன் 100 மில்லிகிராம். வீட்டில் ஒன்று எப்போதும் இருக்கட்டும். தகரக் கூரை, வீட்டுக்குள் கொதிக்கும், அதனால் அவள் மண்பானை ஓரத்தில் நிழலில் வைத்திருக்கிறாள். யார் வீட்டுக்கு வந்தாலும் காட்டி வைத்திருக்கிறாள், மயங்கிக் கிடந்தால் எடுத்துக்கொண்டு ஓட ஆள் வேண்டுமே. சட்டைப்பையில் ஒரு அட்டை, தமிழில்: எனக்கு அட்ரீனல் நோய், மயங்கிக் கிடந்தால் முதலில் ஸ்டீராய்டு ஊசி போடுங்கள்.

படகு டிரைவரிடம் வெட்கப்படாமல் சொல்லி வைக்கச் சொல்லுங்கள். இளநீர் வேண்டாம் என்பதையும் சேர்த்து.